பூவரசம்பூ நிறம்

முடிச்சூரில் தசரதன் வீடு எங்கே என்று கேட்டால் யாரும் தெருவின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "நீச்சல் குளத்தாரு வூடா? தோ, அந்தப் பூவரச மரம் தெரியுது பாரு, அதுக்குக் கீழதான்" என்பார்கள். சொல்லும்போது ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும். நேற்றுவரை முழங்கால் சேற்றில் நாற்று நட்டவன் வீட்டில் இன்று நீச்சல் குளமா என்கிற சிரிப்பு அது. தசரதன் அதைக் கேட்டால் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். விளக்கம் சொல்லுகிற ஆள் இல்லை அவர்.

குளம் என்றால் வேறொன்றுமில்லை, பழைய பம்ப்செட் தொட்டிதான். கிணற்றுத் தண்ணீர் தடித்த குழாய் வழியாக அதில் வந்து விழுந்து, வாய்க்கால் வழியாக வயலுக்குப் போன காலம் ஒன்று உண்டு. எண்பதுகளின் கடைசியில் வயல்கள் மனைகளாயின. தசரதனும் விற்றார். கிணறு, மோட்டார் கொட்டகை, தொட்டி, வாய்க்கால் ஓரத்துப் பூவரச மரம் இவை இருந்த துண்டை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் இரண்டு அறையும் சமையல்கட்டுமாக ஒரு வீடு கட்டினார்.

"தொட்டிய இடிச்சிட்டா இன்னொரு மனை வருமே, நைனா" என்று தரகர் சொல்லிப் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார் தசரதன். ஏன் என்று அவருக்கே தெரியாது. துணி துவைக்க உதவும் என்று கிளியம்மாள் சொன்னாள். அது ஒன்றுதான் காரணம் என்றால் காரணம்.

கிளியம்மாள் அவர் மனைவி. நாலு வயலுக்கு அப்பால் நிற்கிற ஆளைக் கூப்பிட மேட்டில் ஏற வேண்டிய தேவையில்லாத குரல். ஒரே மகளைக் கூடுவாஞ்சேரியில் கட்டிக் கொடுத்த பிறகு, வீட்டில் பேசுவதற்கு இருந்தது தசரதன் மட்டும்தான் என்பதால் முழுப் பேச்சும் அவருக்கே கிடைத்தது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய் கோணியது.

பேச்சு முதலில் திரும்பியது. ஒரு மாதம் பேசாமல் விட்டதையும் வட்டியோடு சேர்த்துப் பேசினாள். கை மெல்ல மெல்ல, சொம்பைப் பிடிக்கிற அளவுக்கு வந்தது. கால்தான் வரவில்லை. கட்டிலை விட்டு இறக்கினால் துவண்டு விழுந்தது.

அவளைப் பார்த்து வந்த தாம்பரத்து டாக்டரம்மா திரிபுரசுந்தரிதான் ஒரு நாள் கேட்டார். "உங்க வீட்டுப் பக்கம் மார்பளவு தண்ணி நிக்கிற இடம் ஏதாவது இருக்கா? தண்ணிக்குள்ள உடம்பு பாரம் தெரியாது. அதுக்குள்ள நடந்து பழகினா கால் வரும். பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னே குளம் இருக்கு, ஆனா தினமும் கூட்டிட்டுப் போறது கஷ்டம்."

தசரதன் நாற்காலி நுனிக்கு வந்தார். "எங்கூட்ல கீதும்மா" என்றார்.

கொத்தனாரை வைத்துத் தொட்டிக்குள் படிகள் கட்டினார். உள்சுவர் ஓரமாகப் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு இரும்புக் கம்பி பதித்தார். பாசி பிடித்தால் தெரியட்டும் என்று வெள்ளைச் சிமென்ட் பூசினார். முதல் நாள் கிளியம்மாளைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் இறக்கியபோது அவள் அவர் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. தண்ணீர் மார்புக்கு ஏறியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.

"யோவ், கைய எடு" என்றாள்.

எடுத்தார்.

"பாத்துக்கினியா? நிக்கிறேன்."

மோட்டாரில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொல்லிவிட்டுத் தசரதன் கொட்டகைக்குள் போய்விட்டார். மோட்டார் அப்போது ஓடவே இல்லை.

அதன் பிறகு தினமும் காலையில் கிளியம்மாள் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் சுவரோரமாக நடந்தாள். கரையில் ஒரு முக்காலி போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். குளிர்ந்த தண்ணீர் அவருக்கு ஆகாது. வயலுக்குப் பூச்சி மருந்துப் பொடி தூவிய காலத்தில் நெஞ்சில் குடியேறிய இருமல் அவருக்கு. நனைந்தால் இழுக்கத் தொடங்கிவிடும்.

மூன்றாம் மாதத்தில் கிளியம்மாளின் இடது கால் விரல் இடுக்கில் புண் வந்தது. அந்தக் காலில் உணர்ச்சி இல்லாததால் அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது பாதம் வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது. மனைகளில் வீடுகள் வந்து, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்கும் வந்திருந்தது. கிணற்று ஊற்று பழைய ஊற்றாக இல்லை.

டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "தண்ணியில பிளீச்சிங் பவுடர் போட்டே ஆகணும். போட்டா மட்டும் போதாது, குளோரின் நிக்குதான்னு தினம் பாக்கணும். இன்னொரு தடவை இந்தக் கால்ல புண் வந்துச்சுன்னா தொட்டியை மறந்துடுங்க. காலையே எடுக்கிற நிலைமை வந்துடும்."

தொட்டி இல்லையென்றால் கட்டில்தான் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

பக்கத்து மனையில் வீடு கட்டிக் குடிவந்திருந்த ஜெபசீலன் ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டர். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பாரிமுனைப் பக்கம் போய், ஒரு சிறு புட்டியில் மருந்தும், கோடு போட்ட கண்ணாடிக் குழாயும், மஞ்சள் கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டையும் வாங்கி வந்தார்.

"இந்தக் கோடு வரைக்கும் தண்ணி, தசரதண்ணா. மருந்து மூணு சொட்டு. குளோரின் இருந்தா மஞ்சளாவும். இல்லைன்னா தண்ணி தண்ணியாவே இருக்கும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். வெளிர் மஞ்சளா வந்தா சரி. ஆரஞ்சுப் பழம் மாதிரி வந்தா அதிகம், அண்ணிக்குத் தோல் எரியும். உடனே பாத்துடணும், வச்சிருந்து பாத்தா நிறம் ஏறிக்கிட்டே போகும். பாத்து முடிச்சதும் அதைத் தொட்டியில திருப்பி ஊத்தாதீங்க. மருந்து கையிலயும் படக்கூடாது."

தசரதன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மஞ்சள்லயே எத்தினி மஞ்சள் கீது!" என்றார்.

அட்டை ஒரு மழையில் ஊறி வெளுத்துப் போயிற்று. ஆனால் அதற்குள் தசரதன் வேறு அட்டை கண்டுபிடித்திருந்தார். பூவரசம்பூ காலையில் விரியும்போது இளமஞ்சளாக இருக்கும். பொழுது ஏற ஏற நிறம் முற்றி, சாயங்காலம் சிவந்து வாடும். காலைப் பூவின் இதழை வெயிலுக்கு நேரே பிடித்து, பக்கத்தில் குழாயைப் பிடிப்பார். அந்த மஞ்சள் வந்தால் சரி. வாடின பூவின் நிறம் வந்தால் அதிகம். ஒன்றுமே வராவிட்டால் பவுடர் போட வேண்டும். ஜெபசீலன் ஒரு முறை புது அட்டை கொண்டு வந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "உங்க மரம் நல்லாத்தான் சொல்லுது" என்று அட்டையைத் திரும்பக் கொண்டுபோனார்.

எந்த வேலைக்கும் தசரதனிடம் ஒரு முறை உண்டு. வயலுக்கு மருந்தடிக்கும் நாளில் தெளிப்பான் டப்பாவில் முதலில் மருந்தை ஊற்றி, அதன் மேல் தண்ணீரை விடுவார். தண்ணீர் விழுகிற வேகத்தில் தானே கலந்துகொள்ளும். இங்கும் அதேதான். காய்ந்த குழாயில் முதலில் மூன்று சொட்டு மருந்து. பிறகு தண்ணீரை ஒட்டிய படியோரம் குனிந்து தண்ணீரைக் கோடு வரை மொள்ளுவார். பவுடர் போடுவதும் அப்படித்தான். வயலில் பொடி தூவிய அதே கை வீச்சில், டின்னிலிருந்து அள்ளித் தொட்டியைச் சுற்றி நடந்தபடி தூவுவார். வெள்ளைப் புகை எழும். அன்று முழுக்க இருமுவார்.

"நெஞ்சாங்கூடு கழண்டு தொட்டியில வுழப் போவுது" என்பாள் கிளியம்மாள் கட்டிலிலிருந்து.

"வுழுந்தா நீ எடுத்துக் குடு. நீதான் தண்ணியில நடக்கிறியே" என்பார் அவர். சிரிப்பு வந்து, அந்தச் சிரிப்பு மறுபடி இருமலாகும்.

அடுத்த வருஷம் மாசி வாக்கில் ஒரு நல்ல காலம் வந்ததாகத் தசரதன் நினைத்தார். இரண்டு காரணங்கள். முதலாவது, கிளியம்மாள் தினமும் மஞ்சள் பூசத் தொடங்கியிருந்தாள். விழுந்த நாளிலிருந்து முகத்தைக் கண்ணாடியில் பார்க்காதவள். மகள் வந்து தலை வாரிவிட்டால்தான் உண்டு. இப்போது காலையில் அவர் தூக்கி வந்து தண்ணீரை ஒட்டிய படியில் உட்கார வைத்ததும், "அந்த மஞ்சளையும் கல்லையும் குடு" என்பாள். வலது கையால் இழைத்து முகத்திலும் காலிலும் அப்பிக்கொண்டு, காலைத் தண்ணீரில் அலம்புவாள். மனசு தேறிவிட்டது, இனிக் கால் தேறுவதுதான் பாக்கி என்று தசரதனுக்குத் தோன்றியது. தாம்பரம் மார்க்கெட்டில் நல்ல குண்டு மஞ்சளாகப் பொறுக்கி ஒரு பை நிறைய வாங்கி வந்து கொடுத்தார்.

"கடையையே வாங்கிக்கினு வந்தியா?" என்றாள். ஆனால் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது, தண்ணீர். எப்போது பார்த்தாலும் குழாய் காலைப் பூவின் மஞ்சளிலேயே வந்தது. நாலு நாளைக்கு ஒரு முறை திறந்த பவுடர் டின் வாரக்கணக்கில் மூடியே கிடந்தது. இருமலும் அடங்கியது.

ஒன்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. தொட்டிச் சுவர் வழுக்கியது. வெள்ளைச் சிமென்டின் மேல் விரலால் தேய்த்தால் பச்சையாக வந்தது. குளோரின் நிற்கிற தண்ணீரில் பாசி எப்படிப் பிடிக்கும்? மருந்து பழசாகிவிட்டதோ என்று நினைத்தார். ஜெபசீலனிடம் சொல்லிப் புது மருந்துக்கு ஏற்பாடு செய்தார். புட்டி எப்படியும் முடியும் தறுவாயில்தான் இருந்தது.

அது முடிந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. கிளியம்மாள் மஞ்சள் பூசி, காலை அலம்பி முடித்திருந்தாள். தசரதன் புட்டியைக் கவிழ்த்தார். சொட்டு விழவில்லை. தட்டினார். உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். வறண்டு கிடந்தது. சரி, குழாயையாவது கழுவி வைப்போம் என்று படியோரம் குனிந்து மொண்டு, பழக்க தோஷத்தில் வெயிலுக்கு நேரே பிடித்தார்.

குழாய் மஞ்சளாக இருந்தது.

ஒரு சொட்டு மருந்து இல்லை. வெறும் தண்ணீர். காலைப் பூவின் மஞ்சள்.

இத்தனை மாதத்தில் மருந்து இல்லாத வெறும் தண்ணீரை அவர் அந்தக் கண்ணாடிக் குழாயில் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"கிளி."

"இன்னா?"

"மருந்து தீந்துபோச்சு."

"தீந்தா வாங்கிக்கினா ஆச்சு."

"மருந்து ஊத்தவே இல்ல. வெறும் தண்ணிதான். மஞ்சளா கீது."

கிளியம்மாள் மரத்தில் இருந்த காக்கையைப் பார்த்தாள். "வெயில்ல அப்டித் தெரியும்."

"வெயிலு எந்தக் காலத்துலடி தண்ணிக்கு மஞ்சள் பூசுச்சு?"

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? வெள்ளிக்கெழமையும் அதுவுமா மஞ்சள் பூசாம எறங்கச் சொல்றியா?"

"இன்னிக்குச் செவ்வாக்கெழம."

அவள் பதில் சொல்லவில்லை. வாய் கோணிக் கிடந்த அந்த ஒரு மாதம் தவிர, பதில் சொல்லாத கிளியம்மாளைத் தசரதன் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் தண்ணீர் மொள்ளும் இடத்தில்தான் அவள் தினமும் கால் அலம்பினாள்.

"வேணும்னேதான் பண்ணியா?"

"ஆமா" என்றாள். குரல் முழு அளவுக்கு ஏறியது. "நீ அந்த டின்னைத் தொறந்தா மூச்சு வாங்கி வாங்கி இழுக்குது. கட்டில்ல கெடந்துகினு கேட்டுக்கினே கீறேன். எழுந்து வந்து ஒரு சொம்பு சுடுதண்ணி வச்சுக் குடுக்க என்னால முடியல. ஒரு வெள்ளிக்கெழம மஞ்சள் பூசினப்ப குழாய் மஞ்சளா வந்துச்சு, நீ டின்னைத் தொடல. அன்னிக்கு நீ இருமல. அப்பதான் எனக்கு வழி தெரிஞ்சுது."

"உன் காலு?"

"காலு ரெண்டு கீது. உனக்கு நெஞ்சு ஒண்ணுதான் கீது."

தசரதன் குழாயை மண்ணில் கவிழ்த்தார். படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் இடது பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அந்தக் காலை அவளால் இழுக்க முடியாது. ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தார். மஞ்சள் படிந்த தோலுக்கு அடியில், கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில், தோல் வெளுத்து ஊறி, நடுவே உளுந்தளவுக்குச் சிவப்பாக ஒரு புண்.

"பைத்தியக்காரி" என்றார். காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் என்ன சொல்வது என்று தசரதன் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைக் கிளியம்மாள் சொல்ல விடவில்லை. மேஜைக்கு எதிரே உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள். "தண்ணி மேல தப்பு இல்ல டாக்டரம்மா. இவர் மேலயும் இல்ல. நான்தான் மஞ்சளைக் கரைச்சு ஏமாத்திட்டேன். தொட்டிய மட்டும் நிறுத்திடாதீங்க."

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேர்ல நான் யாரைத் திட்டறது?" என்றார். பிறகு காலைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். தசரதனையும் மூச்சை இழுத்து விடச் சொல்லி நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "புண் சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க. ஆறட்டும், அதுவரைக்கும் தண்ணி கிட்டயே போகக் கூடாது. ஆறினப்புறம் தண்ணி ஒழுங்கா இருக்கும்னா இறங்கலாம். இதுதான் கடைசி. இவர் அந்தப் பவுடரைத் தூவவும் கூடாது. சொல்லிட்டேன்."

தொட்டியைக் காலி செய்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதிதாக வெள்ளைச் சிமென்ட் பூசினார்கள். ஜெபசீலன் பவுடர் போடும் முறையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தூவுனீங்களா? இது வயல் இல்லண்ணா. தப்பு என் பேர்லதான், நான் கேட்டிருக்கணும். பக்கெட் தண்ணியில மெதுவா போட்டுக் கலக்கி மூடி வைங்க. சுண்ணாம்பு அடியில தங்கிடும். மேல தெளிஞ்ச தண்ணியை மட்டும் எடுத்து ஊத்துங்க. கலக்கும்போது மூக்கைச் சுத்தி ஈரத்துண்டு கட்டிக்கோங்க."

அப்படிச் செய்தபோது புகை எழவில்லை. கிளியம்மாள் சன்னல் வழியாகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். பொழுது சாயும்வரை ஒரு செருமல்தான் கேட்டது.

புண் ஆறி, மறுபடி இறங்கும் நாள் வந்தபோது தசரதன் தன் முறையைத் திருப்பிப் போட்டிருந்தார். முதலில் தண்ணீர். வெறும் தண்ணீரை வெயிலில் பார்த்துவிட்டு, பிறகு மருந்து. கால் அலம்பும் படியோரத்தில் மொள்ளக் கூடாது, தொட்டியின் நடுவிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஜெபசீலனும் சொல்லியிருந்தார். நடுவுக்கு அவர் கை எட்டாது. இறங்கினால் இருமல்.

"நேத்து ஜெபசீலன் பாத்தப்ப தண்ணி நல்லாதான இருந்துச்சு? இன்னிக்குக் குழாயைக் கொம்புல கட்டி வுட்டு மொள்ளட்டுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

"குழாயை இங்க குடு" என்றாள் கிளியம்மாள். மஞ்சள் பூசாத முகத்தோடு மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள்.

"நடுவுல புடிச்சுக்கக் கம்பி இல்ல."

"தெரியும் குடு. ஏமாத்தினவதான் மொண்டு வரணும்."

கொடுத்தார். அவள் சுவரோரத்துக் கம்பியை விட்டாள். இடது கையைத் தண்ணீர் மேல் பரப்பிக்கொண்டு, வலது கையில் குழாயை உயரத் தூக்கிப் பிடித்தபடி நடுவை நோக்கி நகர்ந்தாள். ஒரு கால் நடந்தது, ஒரு கால் இழுபட்டது. தசரதன் முக்காலியிலிருந்து எழுந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். இருமலாவது மண்ணாவது, விழுந்தால் குதிப்பது என்று.

நடுவில் அவள் நின்றாள். முழங்கை ஆழத்துக்குக் குழாயை முக்கி மொண்டாள். கோட்டுக்கு மேல் இருந்ததைக் கொஞ்சம் சாய்த்துக் கொட்டினாள், சரிபார்த்தாள், மறுபடி கொஞ்சம் கொட்டினாள். திரும்பினாள். குழாயையே பார்த்துக்கொண்டு, கட்டை விரலால் அதன் வாயை அடைத்துக்கொண்டு வந்தாள். படி காலில் தட்டியபோதும் அவள் கண் குழாயைவிட்டு எடுபடவில்லை. முதல் படி ஏறினாள். தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது. இரண்டாவது படி. முழங்கால். தண்ணீர் தாங்காத இடத்துக்கு அவள் பாரம் வந்துவிட்டது. புடவை சொட்டச் சொட்ட, இடது கால் நடுங்க, அவள் மேல்படியில் நின்று குழாயை நீட்டினாள்.

தசரதன் அவள் காலைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளும் பார்ப்பாள், பயந்து உட்கார்ந்துவிடுவாள். குழாயை வாங்கி வெயிலில் பிடித்தார்.

"கோட்டுக்கு மேல கீதே" என்றார்.

"உனக்குக் கண்ணு சரியில்ல. கோட்டுலதான் கீது. நல்லாப் பாரு."

தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மூன்று சொட்டு விட்டார். மஞ்சள் அடியிலிருந்து மெல்ல எழுந்து பரவியது. கிளியம்மாள் அவர் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தாழ்ந்த கிளையிலிருந்து அன்றைக்கு விரிந்த ஒரு பூவைப் பறித்துக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"சரியா?"

"சரிதான்" என்றார் தசரதன்.

"அப்ப இன்னும் ரெண்டு நடை போய்ட்டு வரேன்" என்றாள். "ஏறினதும் அந்த மஞ்சளை எடுத்துக் குடு. பையில அவ்ளோ வாங்கி வச்சுகீறியே, வீணாப் போவப் போவுது."